தஞ்சாவூரில் பழைய வீணை வாங்கப் போகிறவர்கள் இதை ஒருக்கால் வாசியுங்கள்

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் பிள்ளைகளை வீணை வகுப்புக்கு விடுகிற பெற்றோர் பலர் இப்போது ஒரே கணக்கைத்தான் போடுகிறார்கள். கொழும்பில் புது வீணைக்குக் கொடுக்கிற காசோடு காங்கேசன்துறையில் கப்பல் ஏறி, நாகபட்டினத்தில் இறங்கி, பஸ்ஸில் தஞ்சாவூர் போனால் நல்ல பழைய வீணையாகவே பார்த்து வாங்கிவரலாம் என்பது அந்தக் கணக்கு. கணக்கில் பிழையில்லை. ஆனால் எங்களைப் போலக் கடல் தாண்டி வருகிறவர்களை எதிர்பார்த்தே அங்கே ஒரு வியாபாரம் நடக்கிறது. அதில் 45,000 இந்திய ரூபாயைக் கொடுத்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன். எங்கள் காசில் ஒன்றரை இலட்சத்துக்கு மேல். கடையின் பெயரை எழுதப்போவதில்லை. பெயர்ப்பலகையை மாற்ற அவர்களுக்கு ஒரு நாள் போதும். ஏமாற்றுகிற விதம் மாறாது, அதைச் சொல்கிறேன்.

மகள் வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைக்குத் தயாராகிறாள். வகுப்பில் இருக்கிற இரண்டு வீணையைப் பிள்ளைகள் முறை வைத்துத்தான் தொடவேண்டும். வீட்டில் முந்தி இருந்த வீணை 2009இல் மாத்தளன் பக்கம் போகிற வழியில் எங்கேயோ நின்றுவிட்டது. அதைப் பற்றி இங்கே கதைக்க வேண்டாம்.

வட்ஸ்அப்பில் தஞ்சாவூரில் வீணை விற்கிற ஆளைப் பிடித்தோம். படங்கள் வந்தன. “ஏகாண்டம் சார், ஒரே மரம்” என்றார். வீணை பழகாதவர்களுக்காக ஒரு சொல் சொல்லிவிடுகிறேன். உருண்டையான குடமும் அதிலிருந்து நீளுகிற தண்டியும் ஒரே பலா மரத்தில் குடையப்பட்டிருந்தால் அது ஏகாண்ட வீணை. தனித்தனியாகச் செய்து பொருத்தினால் ஒட்டு வீணை. ஒட்டு வீணையில் குறை ஒன்றும் இல்லை, நன்றாகச் செய்தால் பல வருடம் உழைக்கும். ஆனால் விலை வேறு. ஒட்டை ஏகாண்டம் என்று விற்பதுதான் களவு.

திருச்சியில் இருக்கிற உறவுக்காரர் மூலம் முற்பணம் கொடுத்துவிட்டுத்தான் போனோம். கடைக்குள் கால் வைத்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, “சாப்பிட்டீங்களா” அல்ல. “ரிட்டர்ன் கப்பல் என்னைக்கு சார்?” நான் திகதியைச் சொன்னேன். அதற்குப் பிறகு நடந்த ஒவ்வொன்றும் அந்தத் திகதியை வைத்துத்தான் நடந்தது.

படத்தில் வந்த வீணை விற்றுப்போய்விட்டதாம். “அதை விட நல்லது ஒண்ணு இருக்கு, ஆனா பாலிஷ் போட்டிருக்கு, காயணும், நாளைக்கு வாங்க.” அடுத்த நாள் போனால் இன்னும் ஒரு பூச்சு. தூரத்தில் நின்று பார்க்கலாம், தொடக்கூடாது. காத்திருந்த நேரத்தில் மகள் வாசித்துப் பார்க்க வேறொரு வீணையைக் கொடுத்தார்கள். நாதம் அருமையாக இருந்தது. “இதே கைதான் சார் அதையும் செஞ்சது” என்றார். கப்பலுக்கு முதல்நாள் பின்னேரம்தான் எங்கள் வீணை கைக்கு வந்தது. தந்திகள் எல்லாம் தளர்த்தியிருந்தன. சுருதி கூட்டிப் பார்ப்போமே என்றேன். “பயணத்துக்குத் தந்தியைத் தளர்த்தித்தான் சார் வைக்கணும், இறுக்கினா தண்டி வளைஞ்சிடும்.”

இதில் கெட்டித்தனம் என்னவென்றால், அவர் சொன்னதில் பாதி உண்மை. தூரப் பயணத்தில் தந்தியைத் தளர்த்துவது சரிதான். புதுப் பூச்சில் கை வைக்கக்கூடாது என்பதும் சரிதான். உண்மையான வழக்கங்களையே ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, தொட்டும் பார்க்க முடியாமல் கேட்டும் பார்க்க முடியாமல் ஆக்கிவிட்டார்.

இன்னொன்று. விலையைக் குறைக்கக் கேட்டபோது, “நூறு வருஷத்து வீணை சார், ஓரமெல்லாம் மான் கொம்பு வேலை” என்றார். நல்லகாலம், அதுவும் பொய். இந்தியாவின் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருடம் கடந்த கலைப்பொருளைத் தனியாள் நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. அதே ஆண்டின் வனவிலங்குச் சட்டம் தந்தம், மான் கொம்பு வியாபாரத்துக்கு எதிரானது. அவர் உண்மை பேசியிருந்தால் நாகபட்டினம் சுங்கத்தில் நான்தான் பதில் சொல்லிக்கொண்டு நின்றிருப்பேன். கொம்பு என்றது வெறும் பிளாஸ்டிக். யாராவது உங்களிடம் இந்த இரண்டையும் பெருமையாகச் சொன்னால், விலை கேட்காமல் எழும்பி வந்துவிடுங்கள்.

மரப்பெட்டிக்கென்று தனியாகக் காசு வாங்கினார்கள். வந்தது இரண்டு அட்டைப்பெட்டியை ஒட்டிச் சுற்றியது. வீட்டில் பிரித்தபோது, தண்டியின் மறுமுனையில் கீழே பொருத்துகிற சுரைக்காயில் வெடிப்பு.

சரி, சுரைக்காய் பரவாயில்லை, மாற்றலாம். சுருதி கூட்டிக் கொஞ்ச நாளில் தந்தி, அதன் கீழே வரிசையாக இருக்கிற மெட்டுக் கம்பிகளை விட்டு உயர்ந்துகொண்டே போனது. மேல் ஸ்தாயியில் பிள்ளை பலத்தை எல்லாம் கொடுத்து அழுத்தவேண்டும், அப்படி அழுத்தினால் சுரம் ஏறிவிடும். ரீச்சர் வந்து வீணையை மடியில் வைத்தார். வாசிக்கவில்லை. தண்டி குடத்தோடு சேருகிற இடத்தில் ஓடுகிற வெள்ளைப் பட்டியை விரலால் தடவிக்கொண்டு போய் ஓரிடத்தில் நிறுத்தினார். நகத்தால் கிளப்பியதும் பட்டி கழன்று வந்தது. அதன் கீழே மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்த கோடு, குடத்தைச் சுற்றி ஓடியது. ஒரு பக்கத்தில் கடதாசி ஒன்று நுழைகிற அளவுக்கு விரிந்திருந்தது. “அண்ணை, இது ஒட்டு. அதுவும் ஒருக்கா முறிஞ்சு திரும்ப ஒட்டினது” என்றார்.

அதோடு நிற்கவில்லை. சித்திரை வெயிலுக்கு மெட்டுகள் சரியத் தொடங்கின. வீணையின் 24 மெட்டுகளும் மெழுகில்தான் நிற்கின்றன. தேன்மெழுகோடு குங்கிலியமும் கரியும் சேர்த்துக் காய்ச்சிப் பக்குவமாக மேளம் கட்டினால், அதாவது மெட்டுகளை மெழுகில் பதித்தால், வெயிலைத் தாங்கும். இதில் மலிவான மெழுகை ஊற்றியிருக்கிறார்கள். தொட்டால் விரலில் கறுப்பாக ஒட்டியது.

போன் எடுத்தேன். “உங்க ஊர் வெயில் மரத்துக்கு ஒத்துக்கல சார்” என்றார். தஞ்சாவூரில் என்ன பனியா கொட்டுகிறது? படங்கள் அனுப்பினேன். “ஒண்ணும் பிரச்சினை இல்ல, கொண்டு வாங்க, ஃப்ரீயா சரி பண்ணித் தர்றேன்” என்று மிகவும் அன்பாகச் சொன்னார். விசா, கப்பல் ரிக்கட், தங்குமிடம் எல்லாம் போட்டு ஒரு வீணையைத் தூக்கிக்கொண்டு திரும்ப யாரும் வரமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். அவருடைய உத்தரவாதமே அந்தக் கடல்தான். மூன்றாம் தரம் எடுத்தபோது இலக்கத்தை மறித்துவிட்டார். அங்கே நுகர்வோர் முறைப்பாட்டுக்கு 1915 என்ற எண் இருக்கிறது. ஆனால் என்னிடம் இருக்கிற பில்லில் “வீணை – 1” என்பதும் தொகையும் மட்டும்தான். ஏகாண்டம் என்ற சொல்லே இல்லை. எதைக் காட்டி முறையிடுவது?

தஞ்சாவூர்க் கைவினைஞர் எல்லாரையும் நான் குறை சொல்லவில்லை. அந்த ஊர் வீணைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது சும்மா இல்லை. என்னிடம் விற்றவர் வீணை செய்கிறவரே அல்ல, இடைத்தரகர். புவிசார் குறியீட்டு முத்திரை போட்ட அட்டை ஒன்றையும் எடுத்துக் காட்டினார். அந்தக் குறியீடு தஞ்சாவூரில் செய்யப்படுகிற வீணைக்கு உரியது. கைமாறிய வீணை முறிந்ததா, ஒட்டினதா என்று அது சொல்லாது.

போகிறவர்கள் வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், முடிந்தால் ரீச்சரையே. பூச்சுக் காயவில்லை என்றால் அந்த வீணை வேண்டாம், பழைய வீணைக்குப் பழைய பூச்சு இருப்பதுதான் நல்லது. குடத்துப் பலகையில் இருக்கிற சிறு துளைகளுக்குள் போன் வெளிச்சம் அடித்து, தண்டி சேருகிற இடத்தில் மரத்தின் ரேகை தொடர்ந்து ஓடுகிறதா என்று பாருங்கள். முழுச் சுருதியில் ஒரு மணித்தியாலம் வைத்திருக்கச் சொல்லி, அப்புறம் எல்லா மெட்டிலும் வாசித்துப் பாருங்கள். தந்தியைத் தளர்த்துவது காசு கொடுத்த பிறகு உங்கள் வேலை. பில்லில் மரமும் ஏகாண்டமா ஒட்டா என்பதும் அவர் கையெழுத்தில் இருக்கவேண்டும். தனியாளாக இருந்தால் பட்டறையில் செய்கிறவரிடமே நேரே போய், புதிதாக ஓர் ஒட்டு வீணை வாங்குவது இதை விட நல்லது.

கப்பல் எப்போது என்று கேட்டால், திரும்புகிற திகதி இன்னும் முடிவாகவில்லை என்று மட்டும் சொல்லுங்கள்.