செந்தோசாவா, கெந்திங்கா? கொழும்பிலிருந்து மூன்று தலைமுறையோடு போகிறவர்களுக்கு

பாடசாலை விடுமுறை நெருங்கிவிட்டால், வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் காலி வீதியை அண்டிய பயண முகவர் நிலையங்களில் சிங்கப்பூரையும் மலேசியாவையும் ஒரே பொதியில் சேர்த்த சுற்றுலா விளம்பரங்கள் தொங்கத் தொடங்கிவிடும். அந்தப் பொதிகளில் பிள்ளைகள் கண்வைப்பது இரண்டு இடங்களில்தான். ஒன்று செந்தோசாத் தீவில் யூனிவர்சல் ஸ்டூடியோஸ் அமைந்துள்ள ரிசோர்ட்ஸ் வேர்ல்ட். மற்றது கோலாலம்பூருக்கு அப்பால் மலையுச்சியில் இருக்கும் ரிசோர்ட்ஸ் வேர்ல்ட் கெந்திங். இரண்டும் கெந்திங் குழுமத்தைச் சேர்ந்தவை என்றாலும், ஒரே குடும்பத்தின் அதே பணத்துக்கும் அதே விடுமுறை நாட்களுக்கும் ஒன்றோடொன்று போட்டியிடுபவை. பெரியவர்களையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு இரண்டிலும் சுற்றிப் பார்த்தவர் என்ற முறையில், எதற்கு எவ்வளவு நேரம் ஒதுக்கலாம், யாரை எங்கே அழைத்துப் போகலாம் என்பதை எழுதுகிறேன்.

கேளிக்கைப் பூங்காக்களை அங்குள்ள ரோலர் கோஸ்டர்களை வைத்து மதிப்பிடுவதே வழக்கம். நம் குடும்பங்களுக்கு அந்த அளவுகோல் பொருந்தாது. அப்பம்மாவையோ அம்மம்மாவையோ வீட்டில் விட்டுவிட்டுப் புறப்படுகிற குடும்பம் நம்மிடையே குறைவு. கைக்குழந்தையும் கூட வரும். காலை பத்து மணிக்கு உள்ளே போய் மாலை ஏழு மணிக்கு வெளியே வருகிற ஒருவர், கூட்டமான நாளில் சவாரிகளில் உண்மையாக அமர்ந்திருக்கும் நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் ஒரு மணித்தியாலம் வந்தாலே பெரிது. மீதி நேரமெல்லாம் நடப்பதிலும், வரிசையில் நிற்பதிலும், சாப்பாடு தேடுவதிலும், பைகளைக் காவல் காப்பதிலும் போய்விடும். ஆகவே, சவாரியில் ஏறாத ஒருவர் அந்த நாளை எப்படிக் கழிக்கிறார் என்பதைத்தான் நான் முதலில் பார்க்கிறேன்.

செந்தோசாவிலிருந்து தொடங்கலாம். யூனிவர்சல் ஸ்டூடியோஸ் சிங்கப்பூர் 2010 மார்ச்சில் பார்வையாளருக்குத் திறக்கப்பட்டது. பரப்பு ஏறத்தாழ 20 ஹெக்டேயர்தான். அமெரிக்காவில் உள்ள யூனிவர்சல் பூங்காக்களைப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு இது சிறியதாகத் தோன்றும். முதியவர்களோடு போகும்போது அந்தச் சிறிய அளவே பெரிய வசதியாக இருக்கிறது. நடுவில் நீர்நிலை, அதைச் சுற்றி வட்டமாக ஹொலிவூட், நியூயோர்க், அறிவியல் நகரம், பண்டைய எகிப்து, ஜுராசிக் பார்க் என்று பகுதிகள் அடுத்தடுத்து வருவதால், எந்தப் பக்கம் நடந்தாலும் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்துவிடலாம். முன்பு மடகாஸ்கர் பகுதி இருந்த இடத்தில் 2025 பெப்ரவரியில் மினியன் லேண்ட் திறக்கப்பட்டிருக்கிறது. சிறு பிள்ளைகளுக்கு இப்போது அந்தப் பூங்காவில் மிகவும் பிடித்துப்போகும் மூலை அதுதான். அங்குள்ள பகீ பூகீ என்ற குடைராட்டினம் வேறெந்த யூனிவர்சல் பூங்காவிலும் இல்லை.

பெரிய பிள்ளைகளுக்கு மூன்று சவாரிகள் முக்கியமானவை. டிரான்ஸ்ஃபோர்மர்ஸ் சவாரியில் முப்பரிமாணக் கண்ணாடி அணிந்து, திரைகளுக்கும் உண்மையான அரங்க அமைப்புகளுக்கும் இடையே வாகனம் சுழன்று ஓடும்; எது திரை, எது சுவர் என்று பிரித்தறிய முடியாத அளவுக்கு நேர்த்தியாகச் செய்திருக்கிறார்கள். மம்மி சவாரி இருட்டுக்குள் ஓடும் கோஸ்டர். ஓரிடத்தில் நின்று, பிறகு பின்னோக்கி இழுத்துச் செல்லும். பாட்டில்ஸ்டார் கலக்டிகா என்பது இரண்டு தடங்கள் எதிரெதிராகப் பாயும் இரட்டைக் கோஸ்டர். 2013 இல் மூடப்பட்ட அது, நான்கு பேர் அமரும் வரிசைகள் இரண்டு பேர் அமர்பவையாக மாற்றப்பட்டு 2015 இல்தான் மீண்டும் திறந்தது. கால்கள் தொங்கியபடி தலைகீழாகப் போகும் சைலன் தடத்துக்கும், அதன் இணையான ஹியூமன் தடத்துக்கும் குறைந்தபட்ச உயரம் 125 சென்டிமீற்றர். மம்மிக்கு 122, டிரான்ஸ்ஃபோர்மர்ஸுக்கு 102. இந்த எண்களைக் கொழும்பிலேயே எழுதிக்கொண்டு, வீட்டுச் சுவரில் பிள்ளையை நிறுத்தி அளந்துவிட்டுப் புறப்படுங்கள். ஒரு மணித்தியாலம் வரிசையில் நின்றபின் அளவுகோலுக்குக் கீழே தலை நின்றுவிட்டால், அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்கவே முடியாது.

சவாரி ஏறாதவர்களுக்கு இந்தப் பூங்கா தரும் மிகப் பெரிய கொடை வோட்டர்வேர்ல்ட் காட்சிதான். படகுகள் பாய, தீப்பிழம்பு எழும்ப, நடிகர்கள் உயரத்திலிருந்து தண்ணீரில் குதிக்க நடக்கும் இந்த நேரடிச் சாகசக் காட்சியைக் காணப் படிக்கட்டு வரிசைகளில் அமர்ந்தால் போதும். முன்வரிசைகள் நன்றாக நனையும். சேலை உடுத்த என் அம்மாவை மேல்வரிசையில் இருத்தினோம்; எல்லாம் முடிந்தது என்று அவர் நினைத்த வேளையில் ஒரு கடல்விமானம் மதிலுக்கு மேலாகப் பாய்ந்து வந்து தண்ணீரில் விழ, கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி எழுந்தே விட்டார். அன்று முழுவதும் அதைப் பற்றியே பேசினார். ஆங்கிலம் அதிகம் தெரியாதவரும் கதையை விளங்கிக்கொள்ளலாம் என்பது இதன் தனிச் சிறப்பு. காட்சி குறித்த நேரங்களில் மட்டுமே நடப்பதால், உள்ளே நுழைந்தவுடன் அன்றைய நேர அட்டவணையைப் பார்த்து, மற்றவற்றை அதைச் சுற்றி அமைத்துக்கொள்ள வேண்டும்.

குறை என்று சொன்னால் முதலில் வெயில். வாசலை அடுத்த ஹொலிவூட் வீதிக்கு மேல் பெரிய கூரை போட்டிருக்கிறார்கள். அதைத் தாண்டினால் பல இடங்களில் சிங்கப்பூரின் நண்பகல் வெயில் நேராகத் தலையில் விழும். கொழும்பு வெக்கைக்குப் பழகியவர்கள்தானே என்று நினைக்கலாம். கொழும்பில் நாம் நண்பகலில் வெளியில் ஆறு மணித்தியாலம் நடப்பதில்லை. பிற்பகலில் இடி முழங்கினால் திறந்தவெளிச் சவாரிகளைப் பாதுகாப்புக்காக நிறுத்திவிடுவார்கள். எனவே வெளிச் சவாரிகளைக் காலையிலும் உள்ளரங்குச் சவாரிகளைப் பிற்பகலிலும் வைத்துக்கொள்வதே புத்தி. அடுத்தது பணம். வளர்ந்த ஒருவருக்கான ஒரு நாள் நுழைவுச்சீட்டே 80 சிங்கப்பூர் டொலரைத் தாண்டும். வரிசையைக் குறைக்கும் எக்ஸ்பிரஸ் சீட்டுக்கு மேலதிகமாகச் செலுத்த வேண்டும். அதன் விலை நாளுக்கு நாள் மாறும். வார நாளில், காலையில் வாசல் திறக்கும் வேளையில் போகிறவர்களுக்கு அது தேவைப்படாது. நான்கு பேருக்கு அதை வாங்குகிற பணத்தை நகரத்தில் இன்னொரு இரவு தங்குவதற்குச் செலவிடுவது மேல் என்பது என் துணிபு.

அந்த இரவையும் செந்தோசாவிலேயே கழிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. லிட்டில் இந்தியாவில், தேக்காச் சந்தையைச் சுற்றியுள்ள ஹோட்டல் ஒன்றில் தங்குங்கள். அங்கிருந்து வடகிழக்கு ரயில் பாதையில் ஏறினால் வண்டி மாறாமல் ஹார்பர்ஃபிரண்ட் வந்து இறங்கலாம். அங்குள்ள விவோசிட்டியிலிருந்து ஒற்றைத்தண்டவாள ரயிலிலோ, கடலுக்கு மேலாகப் போடப்பட்ட நடைபாதையில் கால்நடையாகவோ தீவுக்குள் போய்விடலாம். சைவச் சாப்பாட்டுக்காரருக்கு இந்த ஏற்பாடு இன்னும் பயன்படும். பூங்காவுக்குள் எகிப்துப் பகுதியில் இந்திய உணவு கிடைக்கும் உணவகம் உண்டு. ஆனாலும் பூங்கா விலைதான். காலையில் சிராங்கூன் வீதியில் 1947 முதல் நடந்துவரும் கோமள விலாஸில் வயிறாரத் தோசை சாப்பிட்டுவிட்டு, தண்ணீர்ப் போத்தலோடு புறப்பட்டால் உள்ளே ஒரு வேளைச் சாப்பாட்டோடு சமாளித்துவிடலாம். ரயில் நிலையப் பெயர்களைத் தமிழில் வாசித்துக்கொண்டே போகும் பெரியவர்களுக்கு அந்த நகரத்தில் அச்சமே இருப்பதில்லை. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அடுத்த நாளே தனியாகக் கோயிலுக்குப் போய்வந்தார்கள்.

கெந்திங் முற்றிலும் வேறு உலகம். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,800 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நமது நுவரெலியாவின் உயரத்தை ஒட்டியது என்று சொன்னால் உடனே விளங்கும். இரவில் ஸ்வெட்டர் இல்லாமல் வெளியே வர முடியாது. கோலாலம்பூரிலிருந்து பேருந்தில் அவானாவரை போய், அங்கிருந்து அவானா ஸ்கைவே என்ற தொங்கூர்தியில் உச்சிக்கு ஏறுவதே சிறந்த வழி. கீழே மழைக்காடு, இடையில் சின் சுவீ கோயில் நிலையம். அங்கே இறங்கிச் சுற்றிப் பார்த்துவிட்டு மறுபடி ஏறலாம். கூண்டுகள் சிலவற்றின் தரை கண்ணாடியால் ஆனது. எங்களுக்கு அத்தகைய கூண்டு வாய்த்தது. என் அப்பா இரண்டு பாதங்களையும் கண்ணாடிக்கு வெளியே ஓரத்துச் சட்டத்தில் ஒடுக்கி வைத்துக்கொண்டு, கம்பியைப் பிடித்தபடி காட்டைப் பார்த்துக்கொண்டே வந்தார். பாதி வழியில் பனிமூட்டம் சூழ்ந்து நான்கு பக்கமும் வெண்மையாகிவிட்டபோது பிள்ளைகள் கூச்சலிட்டார்கள். மலைக்கு மேலே எந்தச் சவாரியிலும் ஏறாத ஒருவருக்குக்கூட இந்த ஏற்றம் ஒன்றே பயணத்தை நிறைவாக்கிவிடும்.

உச்சியில் இரண்டு பூங்காக்கள் உள்ளன. ஸ்கைட்ரோபொலிஸ் கட்டடத்துக்குள் இருப்பது. வெளியே மழை கொட்டினாலும் பாதகமில்லை. கடைத்தொகுதியோடு சேர்ந்தே இருப்பதால் பெரியவர்கள் ஓரமாக அமர்ந்து பேரப்பிள்ளைகள் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். மற்றது 2022 பெப்ரவரியில் திறக்கப்பட்ட கெந்திங் ஸ்கைவேர்ல்ட்ஸ் என்னும் திறந்தவெளிப் பூங்கா. முதலில் ட்வென்டியெத் செஞ்சுரி ஃபொக்ஸ் நிறுவனத்தின் பெயரில் அமையவிருந்த இது, வழக்கு வரை போய், இணக்கத்துக்குப் பின் இப்போதைய பெயரில் வந்தது. அதனால்தான் ஐஸ் ஏஜ், ரியோ, ரோபோட்ஸ், இண்டிபெண்டன்ஸ் டே போன்ற ஃபொக்ஸ் படங்களின் உலகங்கள் அங்கே இருக்கின்றன. ரியோ பகுதியில் உள்ள சம்பா கிளைடர்ஸ் கோஸ்டர் குடும்பத்தோடு ஏறத்தக்கது. அரங்க அமைப்பின் நேர்த்தியில் ஐஸ் ஏஜ் பகுதி செந்தோசாவுக்குச் சற்றும் குறைந்ததல்ல. எனினும், சவாரிகளை மட்டும் தராசில் வைத்தால் செந்தோசாவே வெல்லும். டிரான்ஸ்ஃபோர்மர்ஸுக்கும் மம்மிக்கும் ஈடான ஒன்றை நான் மலையில் காணவில்லை. நுழைவுக் கட்டணம் செந்தோசாவைவிடக் கணிசமாகக் குறைவு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மலையின் குறை அதன் வானிலைதான். பனிமூட்டமும் மழையும் எந்நேரமும் வரலாம். வந்தால் வெளிச் சவாரிகள் நிற்கும். ஒரு பகலில் ஏறி அன்றே இறங்குகிறவர், அந்தப் பகல் மழையில் போனால் தொங்கூர்தியையும் கடைகளையும் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவார். ஆகவே கெந்திங்கில் ஓர் இரவு தங்கியே ஆக வேண்டும். 7,351 அறைகளோடு உலகின் மிகப் பெரிய ஹோட்டல் என்று கின்னஸில் இடம்பெற்ற ஃபர்ஸ்ட் வேர்ல்ட் அங்கேதான் இருக்கிறது. வார நாட்களில் அறை கிடைப்பது சிரமமில்லை. இரண்டு ரிசோர்ட்டுகளிலும் சூதாட்ட நிலையம் உண்டு. பிள்ளைகளோடு போகிறவர் அதன் பக்கமே போகாமல் முழு நாளையும் கழிக்கலாம். மலைக்கு ஏறுமுன் கோலாலம்பூரில் தங்குவதானால் பிரிக்ஃபீல்ட்ஸைத் தேர்ந்தெடுங்கள். கெந்திங் பேருந்து புறப்படும் கே.எல். சென்ட்ரல் நிலையம் அதற்குப் பக்கத்திலேயே உள்ளது. வாழையிலைச் சாப்பாட்டுக்கும் குறைவில்லை.

லெகோலேண்ட் மலேசியாவைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். 2012 செப்டெம்பரில் ஜொகூரில் திறக்கப்பட்ட அது, ஆசியாவின் முதலாவது லெகோலேண்ட். லெகோக் கட்டைகளால் ஆசியாவின் புகழ்பெற்ற கட்டடங்களைச் சிறிதாக்கி அமைத்திருக்கும் மினிலேண்ட் அழகானது. பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கென்றே வடிவமைக்கப்பட்டதால், பதின்ம வயதினர் அங்கே சலித்துப்போவார்கள். சிங்கப்பூரிலிருந்து போய்த் திரும்பினால் ஒரே நாளில் இரண்டு முறை எல்லையைக் கடந்து குடிவரவு வரிசைகளில் நிற்க வேண்டும். முதியவர்களோடு போகும் குடும்பத்துக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பொதியாகப் பதிவு செய்கிறவர்கள் நேர விபரத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கொழும்பில் ஒரு முகவர் எங்களுக்கு ‘முழு நாள் செந்தோசா’ என்று விற்றதில், வாகனம் பதினொன்றரை மணிக்கு வாசலில் இறக்கி நான்கு மணிக்கே ஏற்றுவதாக இருந்தது. இடையில் மதியச் சாப்பாட்டுக்கு வெளியே வரவும் வேண்டும். இத்தனை பணம் கொடுத்து வாங்கிய நுழைவுச்சீட்டில் பாதி நாளை வழிகாட்டியின் வசதிக்காக இழப்பது அநியாயம். நாங்கள் வாகனத்தை அனுப்பிவிட்டு ரயிலில் திரும்பினோம். சிங்கப்பூருக்குக் குறுகிய காலம் போகும் இலங்கைக் கடவுச்சீட்டுக்காரருக்கு முன்கூட்டிய வீசா தேவையில்லை. வருகை அட்டையை இணையத்தில் நிரப்பினால் போதும். ஆதலால் அந்தப் பகுதியைப் பொதியில்லாமல் நாமே ஒழுங்குசெய்வது கடினமே அல்ல.

காலத்தைப் பொறுத்தவரை ஓகஸ்ட் விடுமுறையே எனக்குப் பிடித்தது. நம் பிள்ளைகளுக்கு விடுமுறையாக இருக்கும்போது சிங்கப்பூரில் பாடசாலை நடந்துகொண்டிருக்கும். 9ஆம் திகதி தேசிய தினத்தை ஒட்டிய நாட்களைத் தவிர்த்தால் வார நாட்களில் கூட்டம் குறைவு. டிசம்பரில் அங்கும் விடுமுறை, பருவமழையும் சேர்ந்துகொள்ளும். இரண்டு இடங்களுக்கும் போக வசதியுள்ளவர்கள், சிங்கப்பூரில் இறங்கிக் கோலாலம்பூரிலிருந்து கட்டுநாயக்க திரும்பும் வகையில் விமானச்சீட்டு எடுத்து, வெயிலில் நடக்கும் நாளை முதலிலும் மலையில் தங்கும் இரவைக் கடைசியிலும் வைத்துக்கொண்டால் பெரியவர்களின் கால்கள் தாங்கும். ஒன்றுக்கு மட்டுமே பணமும் நாட்களும் இருந்தால், பத்து வயதைத் தாண்டிய பிள்ளைகள் உள்ள வீட்டுக்குச் செந்தோசா. எழுபதைத் தாண்டிய பெரியவர்களும் மழலைகளும் உள்ள வீட்டுக்குக் கெந்திங்.