84.6இல் இருந்து 71.2 வரை: பசியோடு 16 மாதக் குடித்தனம்

தொடங்கும்போது 84.6 கிலோ. இன்று காலை 71.2. உயரம் 158 சென்ரிமீற்றர், வயது 43, பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன், வீடு திருகோணமலை உவர்மலையில். எடை எப்படிக் குறைந்தது என்று கேட்டால் குறைவாகச் சாப்பிட்டேன், நடந்தேன், அவ்வளவுதான். எழுத வேண்டியது பசியைப் பற்றி. "முதல் கிழமை கொஞ்சம் பசிக்கும், பிறகு பழகிப்போகும்" என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். எனக்குப் பழகவில்லை. மூன்றாம் மாதத்துப் பசிக்கு முன்னால் முதல் மாதத்துப் பசி சின்னப்பிள்ளை.

முதல் ஏழு கிழமையும் ஒரு ஜிம்மில் எழுதித் தந்த தாளின்படி நடந்தேன். காலையில் ஓட்ஸ் கஞ்சி, மத்தியானம் ஒரு அகப்பை சோறும் மரக்கறியும், இரவு சூப். பிறகு கூட்டிப் பார்த்தபோது 1,000 கலோரிகூட வரவில்லை. அதோடு கிழமையில் ஐந்து நாள் விடிய ஐந்து மணிக்கு ஜிம். ஆறு கிலோ இறங்கியது உண்மை. ஆனால் மூன்றாம் பாடவேளைக்குப் பலகையில் எழுதத் திரும்பினால் கண் இருட்டும். வகுப்பில் எந்தப் பிள்ளை புட்டு, எந்தப் பிள்ளை முட்டை ரொட்டி கொண்டு வந்திருக்கிறது என்பதைப் பெட்டி திறக்க முதலே மணத்தில் சொல்லுவேன். பிள்ளைகள் அதை ஒரு வித்தை என்று நினைத்தார்கள்.

ஒரு ஞாயிறு இரவு இவர் பிள்ளைகளுக்குக் கொத்துரொட்டி வாங்கி வந்தார். அவர்கள் தின்று மிச்சம் விட்டதை, பொதி சுற்றிய லஞ்ச் சீற்றில் ஒட்டியதையும் சேர்த்து, குசினியில் நின்றபடியே வழித்துத் தின்றேன். அது காணாமல் டின்பாலைத் திறந்து கரண்டியை விட்டேன். அடுத்த ஐந்து கிழமையில் நாலு கிலோ திரும்பி வந்தது. "உங்களுக்கு மனக்கட்டுப்பாடு இல்லை அக்கா" என்றார் ஜிம் தம்பி. நானும் அதை நம்பினேன்.

என்னை மீட்டது மருத்துவம் படிக்கிற என் பெறாமகள். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1944, 1945இல் நடந்த ஆய்வு ஒன்றைச் சொன்னாள். 36 ஆரோக்கியமான இளைஞர்களுக்கு ஆறு மாதம் அரைவயிற்றுச் சாப்பாடு. அவர்கள் கோப்பையை நக்கினார்களாம், சமையல் புத்தகங்களைச் சேர்த்து வைத்து வாசித்தார்களாம், கனவிலும் சாப்பாடாம். "சித்தி, அவைக்கே நாளைக்கு ஏறத்தாழ 1,570 கலோரி குடுத்தவை. உங்களுக்கு ஆயிரமும் இல்லை." அவர்கள் ஆம்பிளைகள், கிழமைக்கு 35 கிலோமீற்றர் நடந்தவர்கள் என்பது வேறு விஷயம். என்றாலும் டின்பால் கரண்டிக்கு ஒரு விளக்கம் கிடைத்ததில் அன்று கொஞ்சம் அழுதுவிட்டேன்.

இன்னொன்றும் அவள்தான் அனுப்பினாள். கெவின் ஹோல் என்ற அமெரிக்க ஆய்வாளரின் குழு 2016இல் போட்ட கணக்கு: ஒரு கிலோ குறைந்தால் உடம்பு எரிப்பது நாளைக்கு 20, 30 கலோரி அளவில்தான் குறைகிறது. பசியோ 100 கலோரி அளவுக்குக் கூடுகிறது. அப்படியென்றால் ஐந்து கிலோ குறைத்தவளின் வயிறு, பழைய சாப்பாட்டோடு இன்னும் 500 கலோரி சேர்த்துக் கேட்கும். மூன்றாம் மாதம் ஏன் மோசம் என்பது அப்போதுதான் விளங்கியது.

இரண்டாம் தரம் தொடங்கும்போது எதையும் குறைக்கவில்லை. சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கி, இரண்டு கிழமை வழமையாகச் சாப்பிடுவதையே எடை பார்த்து எழுதினேன். சோறுதான் கள்ளன் என்று நினைத்திருந்தேன். பிடிபட்டது தேங்காய். தேங்காய்ப்பூ 100 கிராமில் 350 கலோரிக்கு மேல். இடியப்பத்தோடு நான் அள்ளிப் போடும் சம்பல் 60 கிராம், மேலே கட்டிப்பால் சொதி. அடுத்தது தேத்தண்ணிச் சீனி: ஐந்து தேத்தண்ணி, தலா இரண்டு கரண்டி, அதுவே 200 கலோரிக்குக் கிட்ட. இந்த இரண்டும் வயிற்றை நிரப்பாத கலோரி, குறைத்தாலும் பசி அதிகமாகாது. சம்பலை ஒரு மேசைக்கரண்டியாக்கி, சொதியைத் தண்ணிப்பாலில் வைத்து, வெறுந்தேத்தண்ணிக்கு நகமளவு பனங்கட்டி கடித்துக்கொண்டதில் 400 கலோரிக்குக் கிட்டக் கழிந்தது. சோற்றில் கை வைக்கவே இல்லை. குறைத்தது மொத்தமும் அவ்வளவுதான். சராசரியாக மாதத்துக்கு ஒரு கிலோவுக்குக் கிட்டத்தான் போனது.

பிறகு உருளைக்கிழங்கு. கிழங்கு என்றால் கொழுப்பு என்று நாங்கள் எல்லாரும் படித்து வைத்திருக்கிறோம். 1995இல் சிட்னிப் பல்கலைக்கழகத்தில் சுசானா ஹோல்ட் என்பவர் 38 வகைச் சாப்பாட்டை ஒரே கலோரி அளவில் கொடுத்து, இரண்டு மணி நேரத்துக்கு எது எவ்வளவு பசியடக்குகிறது என்று அளந்தார். வெள்ளைப் பாணுக்கு 100 என்றால் மீனுக்கு 225, அவித்த உருளைக்கிழங்குக்கு 323. நான் நம்பாமல் வீட்டில் பரீட்சித்தேன். ஒரு கிழமை காலையில் பாணும் பருப்பும். மறு கிழமை அவித்த கிழங்கு 300 கிராம், மஞ்சள், உப்பு, கடுகு, பச்சைமிளகாய், எண்ணெய் ஒரு தேக்கரண்டி, பக்கத்தில் ஒரு முட்டை. பாண் தின்ற நாளில் 9.40க்கே மணிக்கூட்டைப் பார்ப்பேன். கிழங்கு நாளில் இடைவேளை மணி அடித்தபிறகுதான் வயிறு ஞாபகம் வந்தது. இன்றைக்கும் கிழமையில் நாலு நாள் கிழங்குதான். மத்தியானத்துக்குச் சூரையோ சாளையோ, ஒரு துண்டு போட்ட இடத்தில் மூன்று துண்டு. எங்கள் ஊரில் இருந்துகொண்டு புரதத்துக்கு மாவு டின் வாங்குவது எனக்கு வெட்கமாகப் பட்டது. (வாங்கினேன், அது பிறகு.)

நேரத்தைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். எங்கள் ஸ்டாஃப் ரூமில் கிண்ணியாவில் இருந்து வரும் ஆசிரியை ஒருவர் நோன்பு மாதத்தில் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஐந்து பாடம் எடுப்பா. நானோ பத்து மணிக்கே செத்துப்போவேன். கேட்டேன். "எனக்குத் திறக்கிற நேரம் தெரியும் டீச்சர், உங்களுக்கு எப்ப எண்டு தெரியாதே" என்றா. அந்த வசனத்தை வைத்துத்தான் என் நாளை மாற்றினேன். 6.15, 10.30, 1.45, 7.15. இந்த நாலு நேரமும் பிசகாது. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஓமோன், பழகிய சாப்பாட்டு நேரத்தை ஒட்டித்தான் ஏறுமாம். புது நேரத்துக்கு என் வயிறு பழக ஒன்பது நாள் எடுத்தது. பசி குறைந்தது என்று சொல்லமாட்டேன். கண்ட நேரத்தில் வந்து கதவைத் தட்டுவது நின்றது.

உடற்பயிற்சிக்கு ஜிம்மை விட்டுவிட்டு நடைக்கு மாறினேன். பின்னேரம் 5.15க்கு டச் பே கடற்கரைப் பக்கம் போய், கோட்டை வாசலால் ஏறி, கோணேசர் கோயிலடி மட்டும் போய்த் திரும்பினால் எனக்கு ஒரு மணித்தியாலம். எரிவது 250 கலோரிக்குக் கிட்ட. இறங்கி வரும்போது கச்சான் வறுக்கிற மணம். 50 கிராம் கச்சானில் 280 கலோரி, ஒரு பையோடு அன்றைய ஏற்றம் இறக்கம் எல்லாம் சரி! கோட்டைக்குள் திரியும் மான்கள் வாழைப்பழத்தோல், கடதாசி என்று எது கிடைத்தாலும் மென்றபடி நிற்கும். முதல் மாதங்களில் அதுகளைப் பார்த்தால் என் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருக்கும்.

நடந்து முடிந்த கையோடு எனக்குப் பசிப்பதில்லை. ஒன்று, ஒன்றரை மணித்தியாலம் கழித்துத்தான் அடித்துக்கொண்டு வரும். விடிய ஐந்து மணி ஜிம் என்னைக் கெடுத்ததே இதனால்தான், அந்தப் பசி முழுவதும் வகுப்பறையில் வந்து விழுந்தது. பின்னேரம் நடந்தால் அது நேரே 7.15 சாப்பாட்டில் விழுகிறது. கடல் குளிப்பு மட்டும் தனி ரகம். உப்புவெளியில் ஒரு மணித்தியாலம் பிள்ளைகளோடு தண்ணிக்குள் நின்று வந்தால் வருகிற பசிக்கு எந்தக் கணக்கும் நிற்காது. அவித்த கடலையும் முட்டையும் கொண்டுபோய், துவாயால் தலை துடைக்க முதலே தின்றுவிடுவேன்.

"தண்ணி குடி, பசி போயிடும்" என்பது பாதி சரி. ஆடி, ஆவணியில் கச்சான் என்ற வறண்ட தென்மேற்குக் காற்று வீசும்போது பதினொரு மணிக்கு வருவது பலநாள் தாகம்தான், உப்புப் போட்ட மோரோடு அடங்கிவிடும். மற்ற மாதங்களில் தண்ணீர் கால் மணித்தியாலத்துக்குத்தான் தாங்கும். மாதவிடாய்க்கு முந்தின வாரத்துப் பசியோடு இப்போது சண்டை பிடிப்பதில்லை. அந்த ஆறேழு நாளும் எடை கூடாத அளவுக்குச் சாப்பிட்டுவிட்டு, தராசிலும் ஏறமாட்டேன். நித்திரை குறைந்த மறுநாளும் அப்படித்தான். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: சீனி வருத்தத்துக்கு இன்சுலின் போடுகிறவர்களுக்குப் பசியோடு நடுக்கமும் வியர்வையும் வந்தால் அது நான் சொல்லும் பசி இல்லை. உடனே சீனி எடுத்துவிட்டு டொக்டரோடு கதைக்கவேண்டும்.

பசியைவிடப் பெரிய தொல்லை மாமி. பட்டினி கண்ட தலைமுறை. சோறு போதும் என்று ஒருத்தி கையை மறிப்பது அவவுக்கு அபசகுனம் மாதிரி. "என்ன பிள்ளை, மெலிஞ்சு கறுத்துப் போனாய், வருத்தம் ஏதும் மறைக்கிறியோ?" என்று இரண்டு மாதம் கேட்டா. சந்தையிலும் அதே கேள்விதான். கடைசியில் மாமியையே எனக்குச் சோறு போட விட்டேன், தராசைப் பக்கத்தில் வைத்து. 200 கிராம் வந்ததும் "காணுமோ?" என்பா. "இன்னும் ஒரு துண்டு மீன் போடுங்கோ மாமி" என்பேன். இரண்டு பேருக்கும் திருப்தி.

தீராதது மழைக்காலம். கார்த்திகை, மார்கழியில் நடை இல்லை, வெளியே கொட்டுகிறது, இரவு ஒன்பதரைக்கு யாரோ வீட்டில் ரொட்டி சுடுகிற மணம். போன மார்கழியில் 1.8 கிலோ ஏறியது. இந்தமுறையும் ஏறும் என்றுதான் நினைக்கிறேன்.

காசு கொடுத்து வாங்கியவற்றில் தராசு ஒன்றுதான் உழைத்தது. கிறீன் டீ பெட்டி பாதியோடு இருக்கிறது. புரத மாவு வயிற்றை ஊதவைத்தது, மகன் வாழைப்பழத்தோடு அடித்துக் குடித்து முடித்தான். பசியை அடக்கும் என்று நம்பி வாங்கிய அப்பிள் வினாகிரி தொண்டையை எரித்ததுதான் மிச்சம். அதை மாமி எடுத்து அச்சாறு போட்டா. அச்சாறு நல்லாய் இருந்தது. அன்றைக்கு 200 கிராம் காணவில்லை.