குன்னூரில் மேற்படிப்பு விண்ணப்பத்துக்கு உதவும் மேடம்: என் அனுபவம்

வெளிநாட்டில் எம்.எஸ்., பி.எச்டி. படிக்க விண்ணப்பம் போடுகிறவர்களுக்கு உதவும் இடம் இது. குன்னூர் சிம்ஸ் பூங்கா பக்கம், ஒரு பேக்கரியின் மாடியில் ஒரே ஒரு அறை. நடத்துகிறவர் ஓய்வு பெற்ற கல்லூரிப் பேராசிரியை. பேரைப் பொதுவில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் மேடம் என்றே எழுதுகிறேன். போன ஆகஸ்டிலிருந்து டிசம்பர் வரை, பெரும்பாலும் இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை, கோத்தகிரியிலிருந்து பஸ் பிடித்துப் போனேன். எல்லாம் சேர்த்து 4,500 ரூபாய் ஆனது.

நான் பி.டெக். உணவுத் தொழில்நுட்பம். படிப்பை முடித்து மூன்று வருஷமாக எங்கள் ஹட்டிக்கு (கிராமத்துக்கு)ப் பக்கத்தில் ஒரு பாட் லீஃப் ஃபேக்டரியில், அதாவது விவசாயிகளிடம் கொழுந்து வாங்கித் தேயிலைத் தூள் தயாரிக்கும் ஃபேக்டரியில் வேலை. ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்றும் கிடையாது. பாடத்துக்கான செய்முறையைத் தவிர லேபில் நின்றதில்லை. கடைசி வருஷ புராஜெக்டையும் நாலு பேர் சேர்ந்து மூன்று மாதத்தில் முடித்தோம். ஆனால் மேலே படிக்க வேண்டும், அதுவும் தேயிலையைப் பற்றியே படிக்க வேண்டும் என்ற எண்ணம் மட்டும் மனசை விட்டுப் போகவே இல்லை.

முதலில் போனது கோயம்புத்தூரில் உள்ள ஒரு கன்சல்டன்சிக்கு. 60,000 ரூபாய் கேட்டார்கள். 'ப்ரொஃபைல் ரொம்ப வீக்' என்று சொல்லி, ஏதோ ஒரு ஜர்னலில் வரப்போகும் கட்டுரையில் என் பெயரைச் சேர்க்கத் தனியாக 15,000 ஆகும் என்றார்கள். மூன்று பரிந்துரைக் கடிதங்களையும் அவர்களே எழுதி, பேராசிரியர் பெயரில் மெயில் ஐடி உண்டாக்கி அனுப்பிவிடுவார்களாம். நான் செய்யாத வேலையில் என் பெயர், அவர் எழுதாத கடிதத்தில் என் ஆசிரியர் பெயர். மேட்டுப்பாளையம் தாண்டி பஸ் மலை ஏறும்போது எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்புறம்தான் ஃபேக்டரியில் ஒரு அக்கா இந்த மேடத்தைப் பற்றிச் சொன்னார்.

முதல் நாள் மேடம் மார்க் ஷீட்டைக் கேட்கவில்லை. "தினமும் வேலைக்குப் போனதும் முதல்ல என்னம்மா செய்வே?" என்று கேட்டார். சொன்னேன். கேட்டுக்கொண்டே வந்தவர், "அதையெல்லாம் எழுதி வச்சிருக்கியா? அடுத்த தடவை வர்றப்ப அந்த நோட்டை எடுத்துட்டு வா" என்றார்.

அந்த நோட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ராத்திரி ட்ரஃபில், அதாவது அடியில் வலை போட்ட நீளமான தொட்டியில், கொழுந்தைப் பரப்பி, கீழிருந்து ஃபேன் காற்று கொடுத்து வாட விடுவோம். சி.டி.சி. தூளுக்கு (இலையை மெஷினில் நசுக்கி, கிழித்து, சுருட்டித் தயாரிப்பது) கொழுந்தின் ஈரம் 70 சதவீத அளவுக்கு இறங்க வேண்டும். 77 சதவீத ஈரத்தோடு வந்த ஒரு கிலோ, காலையில் 765 கிராம் வாக்கில் நிற்க வேண்டும். நான் ஒரு கிலோவை வலைப்பையில் கட்டி ஃபேன் பக்கம் ஒன்று, கடைசி முனையில் ஒன்று வைத்துக் காலையில் எடை போடுவேன். மழை நாளில் ஃபேன் பக்கம் 750 காட்டும், கடைசி முனையில் 820 காட்டும். ஒரே ட்ரஃப், ஒரே ராத்திரி. இது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. நடுராத்திரியில் ஒரு முறை கொழுந்தைப் புரட்டிப் போடச் சொன்னேன். வித்தியாசம் பாதிக்கும் கீழே குறைந்தது. இப்படி எட்டு மாதக் கணக்கு அதில் இருந்தது. யாரும் கேட்டு எழுதியது இல்லை.

மேடம் அந்த நோட்டை முழுசாக ஒரு மணி நேரம் படித்தார். பேக்கரியிலிருந்து வந்த டீயும் வர்க்கியும் அப்படியே ஆறிக்கொண்டிருந்தன. பிறகு கேட்டார்.

"பக்கத்து ட்ரஃபை என்ன பண்ணினே?"

"அதைப் புரட்ட ஆள் இல்லை மேடம். அப்படியே விட்டுட்டோம்."

"அதுலயும் எடை போட்டியா?"

"போட்டேன்."

பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஒண்ணை மாத்தினா இன்னொண்ணை மாத்தாம வச்சு ஒப்பிட்டுப் பார்க்கணும்னு லேப்ல சொல்லிக்கொடுப்போம். உனக்கு அது ஆள் பத்தாம கிடைச்சிருக்கு. ஆள் பத்தலைன்னே எழுது. திட்டம் போட்டுச் செஞ்சேன்னு மட்டும் எழுதிடாதே."

அந்த ஒரு பேச்சுக்கே நான் கொடுத்த பணம் தகும். அடுத்து வந்தது இன்னும் கடினமான கேள்வி: இந்தக் கணக்கை எதனால் நம்பக் கூடாது? யோசித்தேன். பல விவசாயிகளின் கொழுந்து ஒரே ட்ரஃபில் கலக்கிறது. கையால் பறித்ததும் கத்தரியில் வெட்டியதும் சேர்ந்தே வருகிறது. முற்றின இலையும் இளம் இலையும் ஒரே வேகத்தில் வாடுமா? அங்கேதான் எனக்கு ஆராய்ச்சிக் கேள்வியே கிடைத்தது. எங்கள் வீட்டிலும் ஆள் கிடைக்காமல் கத்தரிக்கு மாறியவர்கள்தான் நாங்கள்.

நோக்க அறிக்கையை, அதாவது ஏன் படிக்க விரும்புகிறேன் என்று விண்ணப்பத்தோடு கொடுக்கும் கட்டுரையை, ஏழு முறை திருத்தினோம். 'சிறு வயதிலிருந்தே அறிவியலில் ஆர்வம்' என்று நான் எழுதிப்போன முதல் பத்தியை அப்படியே அடித்துவிட்டார். 750, 820 என்ற இரண்டு எடையில் தொடங்கச் சொன்னார். ஆராய்ச்சி அனுபவம் இல்லாததற்கு ஒரு பத்தி முழுக்க நான் மன்னிப்புக் கேட்டிருந்தேன். "இல்லைன்னா இல்லைன்னு ஒரு வரியில சொல்லிட்டு மேலே போ" என்றார்.

பரிந்துரைக் கடிதம் மூன்று வேண்டும். புராஜெக்ட் கைடு, பாடம் எடுத்த இன்னொரு ஆசிரியர், ஃபேக்டரி மேனேஜர் என்று முடிவு செய்தோம். கடிதத்தை நானே எழுதக் கூடாது, ஆனால் அவர்களுக்கு நினைவுக்கு வர நான் என்ன செய்தேன், எப்போது செய்தேன் என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுக்கலாம் என்றார். மேனேஜர் சார் அந்தப் பக்கத்தை வாங்கிக்கொண்டு, நான் மறந்தே போயிருந்த ஒரு ராத்திரி ஷிஃப்டைப் பற்றித் தானாகவே சேர்த்து எழுதினாராம். பின்னால் அவரே சொன்னார்.

எனக்குத் தெரியாத இன்னும் சில விஷயங்களையும் மேடம் விளக்கினார். அமெரிக்காவில் இளநிலை முடித்தவர்கள் நேராக பி.எச்டி.க்கே விண்ணப்பிக்கலாம். அதற்குப் பெரும்பாலும் கட்டண விலக்கும் மாத உதவித்தொகையும் உண்டு. எம்.எஸ்.ஸுக்கு அப்படிக் கிடைப்பது குறைவு. பேராசிரியர்களுக்கு மெயில் போடும்போது அவர்களுடைய கட்டுரைகளில் இரண்டையாவது படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொன்னார். 14 மெயில் போட்டேன், மூன்று பதில் வந்தது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். மேடம் நிதானமாகத்தான் செய்வார். ஒரு திருத்தத்துக்குப் பத்து நாள்கூட ஆகும், அவசரப்படுத்தினாலும் நடக்காது. போனை எடுப்பதே அபூர்வம். விசா, வங்கிக் கடன் பற்றியெல்லாம் கேட்டால் தனக்குத் தெரியாது என்று நேராகவே சொல்லிவிடுவார். கம்ப்யூட்டர் சயின்ஸ்காரர்களுக்கு வேறு ஆள்தான் நல்லது. நவம்பரில் அந்த அறைக்குள் விரல் விறைத்துப் போகும், ஸ்வெட்டர் இல்லாமல் போகாதீர்கள்.

ஆறு இடத்தில் விண்ணப்பித்தேன். நான்கு இடத்தில் இல்லை என்றார்கள். ஐந்தாவதில் ஜூமில் பேசினார்கள். அரை மணி நேரப் பேச்சில் இருபது நிமிஷம் ட்ரஃபைப் பற்றியே கேள்வி. கடைசியில் அங்கேயும் பி.எச்டி. கிடைக்கவில்லை, ஆனால் அந்த இருபது நிமிஷம் நான் தடுமாறவே இல்லை. ஆறாவது இடத்தில் ஆய்வேட்டுடன் கூடிய எம்.எஸ்., ஆராய்ச்சி உதவியாளர் வேலை, படிப்புக் கட்டணமும் அதிலேயே அடங்கிவிடும். நிதியுதவியோடு இடம் கொடுத்தவர்களுக்கு ஏப்ரல் 15-க்குள் பதில் சொன்னால் போதும் என்பது அமெரிக்காவில் பல பல்கலைக்கழகங்கள் ஒத்துக்கொண்ட வழக்கம். நான் 9-ஆம் தேதியே வருகிறேன் என்று எழுதிவிட்டேன். அப்பா அன்று தோட்டத்துக்குப் போகவில்லை.

இன்னும் கல்லூரியில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று. இந்திய அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆராய்ச்சி ஃபெலோஷிப் இருக்கிறது, இரண்டு மாதம் ஒரு விஞ்ஞானியின் லேபில் வேலை செய்யலாம். எனக்கு அது தெரிந்தபோது படிப்பே முடிந்துவிட்டது. தென்னிந்தியத் தோட்ட அதிபர்கள் சங்கமான உபாசியின் தேயிலை ஆராய்ச்சி நிலையம் வால்பாறையில் இருப்பது தெரிந்தும், படிக்கிற காலத்தில் ஒரு நாள்கூடப் போய்ப் பார்க்கவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

மேடத்திடம் போகிறவர்கள் வேலை செய்த இடத்து நோட்டு, ரிஜிஸ்டர், போனில் எடுத்த போட்டோ, எதுவாக இருந்தாலும் எடுத்துப் போங்கள். மே மாதம் சீசன் கூட்டத்தில் பஸ்ஸில் நிற்கக்கூட இடம் இருக்காது. ஜூனில் தொடங்கினால் டிசம்பர் கெடுவுக்கு மேடத்தின் வேகத்திலேயே முடித்துவிடலாம்.