மதுரை டு போர்ட் பிளேர்: ரெண்டரை மணி நேரம்னு காட்டுறத நம்பிறாதீங்க

நெட்ல மதுரை டு போர்ட் பிளேர்னு தூரம் போட்டுப் பாத்தா சுமார் 1,610 கிலோமீட்டர், ரெண்டரை மணி நேரம்னு காட்டும். அதெல்லாம் மேப்ல ஸ்கேல் வச்சு கோடு கிழிச்ச கணக்குங்க, நேரா போற பிளைட்டே கிடையாது. (2024லயே ஊர் பேர ஸ்ரீ விஜயபுரம்னு மாத்திட்டாங்க, அங்கயே இருக்குற எங்க சித்தி வாயில இன்னும் போர்ட் பிளேர்தான்.)

சென்னை வழியா போனா 420ம் 1,370ம் சேந்து 1,790, அதாவது 180 கிலோமீட்டர்தான் சுத்து. பெங்களூர் வழி 2,000த்த தொட்டுரும், வேற வழியே இல்லன்னா பாருங்க. ஆக தூரம் பிரச்சனையே இல்ல, போர்ட் பிளேர் ரன்வே நேவி கையில இருக்கு, சென்னையிலேருந்து பெரும்பாலும் காலை பிளைட்டுதான், அதுக்கு நாம எப்டி போய் நிக்கிறோம்ங்கறதுலதான் எல்லாம் இருக்கு.

வெள்ளன அவனியாபுரம் தாண்டிப் போய் மொத பிளைட்ட புடிச்சா ஒண்ணேகால் மணி நேரத்துல சென்னை, ரெண்டும் ஒரே டிக்கெட்டா இருந்தா பெட்டியும் தன்னால மாறிரும், எல்லாம் ஒழுங்கா நடந்தா வீட்டுலேருந்து எட்டு மணி நேரம். நடக்கணும்ல? எங்க மச்சான் காசு மிச்சம்னு தனித்தனியா டிக்கெட் போட்டான், மதுரையிலயே ஒண்ணரை மணி நேரம் லேட்டு, போர்ட் பிளேர் பிளைட் போயிருச்சு, அந்தக் காசு அம்போ.

நான் பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஆளு. நைட்டு ஒன்பதரைவாக்குல ஏறிப் படுத்துட்டு எக்மோர் வரைக்கும் போகாம தாம்பரத்துலயே இறங்கிருவேன், அங்கேருந்து எலக்ட்ரிக் ட்ரெயின்ல நாலாவது ஸ்டேஷன் திருசூலம், ரோட்ட தாண்டுனா ஏர்போர்ட். மொத்தம் பதினாலு மணி நேரம் ஆகும், ஆனா அதுல பாதி தூக்கம்.

கப்பல்ல சென்னையிலேருந்து கிட்டத்தட்ட 60 மணி நேரம். பங்க் கிளாஸ் (அடுக்குப் படுக்கை) சல்லிசு, ஆனா மாசத்துக்கு சில தடவைதான் கெளம்பும், லீவு நெறைய இருக்குறவங்களுக்கு சரி.

போன சித்திரைத் திருவிழா முடிஞ்ச வாரம் சித்தி மக கல்யாணம், வரும்போது மல்லி வேணும்னு ஒத்தக்கால்ல நின்னாங்க. மத்தியானம் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்ல அரும்பா பாத்து ரெண்டு கிலோ வாங்கி, ஈர வாழை இலை சுத்தி தெர்மாகோல் பொட்டில ஐஸ் வச்சு டேப் ஒட்டி, அதே பாண்டியன், அதே தாம்பரம். பதினோரு மணிக்கு போர்ட் பிளேர்ல பொட்டிய தெறந்தா ஓரத்துல ஒரு பிடி பழுத்துப் போயிருந்துச்சு, மத்ததெல்லாம் வாங்குன மாதிரியே அரும்பு. அங்க நம்மூர விட ஒரு மணி நேரம் முன்னாடியே பொழுது எறங்கிருது, அஞ்சரைக்கெல்லாம் மண்டபத்துல லைட்டு போட்டாங்க, பூவும் சரியா அப்பத்தான் விரிய ஆரம்பிச்சுச்சு.