வெள்ளிக்கிழமை கொண்டுபோன கிணற்றுத் தண்ணி

கிருமிப் பரிசோதனைக்கு வெள்ளிக்கிழமையில் தண்ணி எடுக்கமாட்டார்கள். யாழ்ப்பாணத்தில் நான் போன ஆய்வுகூடத்தின் நடைமுறை அது. எனக்கு அது தெரியவந்தது, ஐஸ் போட்ட ரெஜிபோம் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உரும்பிராயில் அக்கா வீட்டிலிருந்து ஓட்டோவில் வந்து இறங்கின பிறகுதான். முதல்நாள் இதே இடத்தில்தான் கிருமி நீக்கின போத்திலை வாங்கினேன். தந்தவர் பதிவுப் புத்தகத்தில் கையெழுத்து வாங்கினார், காசு எவ்வளவு என்று சொன்னார், நாளைக்கு வெள்ளி என்று மட்டும் சொல்லவில்லை.

அன்று விடியவே எழும்பி, மோட்டரைப் போட்டுக் கொஞ்ச நேரம் தண்ணியை ஓடவிட்டு, குழாய் வாயை ஸ்பிரிட் நெருப்பில் காட்டி, மூடியின் உட்புறத்தில் விரல் படாமல் நிரப்பினேன். ஆய்வுகூடத்துக்கு எவ்வளவு கெதியாய்ப் போய்ச் சேருகிறதோ அவ்வளவு நல்லது, நேரம் போகப்போகப் போத்திலுக்குள் கிருமிகளின் கணக்கு மாறிவிடும். மேசையில் இருந்தவர் தலையை நிமிர்த்தாமலே, "இண்டைக்கு எடுக்க ஏலாது, திங்கள் கொண்டு வாங்கோ" என்றார். ஏன் என்று கேட்டதற்கு, "அது அப்பிடித்தான்."

எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. கனடாவில் ரொறன்ரோவுக்கு வடக்கே கிராமப் பக்கம் இருக்கிற எங்கள் வீட்டுக்கும் கிணறுதான். எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் வீட்டுக் கிணற்றுக்காரருக்குக் கிருமிப் பரிசோதனை இலவசம். போத்திலோடு தருகிற தாளில் எப்படி எடுப்பது, எத்தனை மணித்தியாலத்துக்குள் கொண்டுவருவது என்று எல்லாம் இருக்கும். தண்ணி விஷயத்தில் அங்கே பட்ட பாடும் பெரிது. 2000 மே மாதம் வோக்கர்ரன் என்ற சின்ன ஊரில், பெருமழைக்குப் பிறகு மாட்டெரு ஊரின் பொதுக் கிணற்றுக்குள் இறங்கியது. குளோரின் அளவைப் பார்க்க வேண்டியவர்கள் பாராமலே பதிவேட்டில் பொய் எழுதி வைத்திருந்தார்கள். 7 பேர் செத்தார்கள், ஏறத்தாழ 2,300 பேர் நோயில் விழுந்தார்கள். 2002இல் குடிநீருக்கென்று தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள். அதற்குப் பிறகு அந்த மாகாணத்தில் தண்ணிப் போத்திலை ஒருவரும் லேசாக நினைப்பதில்லை.

நான் சத்தம் போட்டதைக் கேட்டு உள்ளேயிருந்து வெள்ளைக் கோட்டோடு ஒரு பிள்ளை வந்தா. "ஐயா, இண்டைக்கு வச்சால் நாளைக்கும் நாளையிண்டைக்கும் பார்த்து எண்ண வேணும். சனி ஞாயிறு ஆக்கள் இல்லை." இது நியாயமான காரணம். கிருமி வளர 24 மணித்தியாலமோ 48 மணித்தியாலமோ வேணும், எண்ண ஆளும் வேணும். முதல்நாள் இந்த இரண்டு வசனத்தைச் சொல்லியிருந்தால் நான் ஏன் சத்தம் போடப்போகிறேன்?

அந்தப் பிள்ளை அதோடு விட்டுவிட்டுப் போகவில்லை. என் படிவத்தைப் பார்த்துவிட்டு, "வீட்டில கைக்குழந்தை இருக்கோ?" என்று கேட்டா. அக்காவின் பேத்திக்கு மூன்று மாதம், மாப்பால்தான் குடிக்கிறாள் என்றேன். "அப்ப நைத்திரேற்றும் பாருங்கோ. அதுக்கு வெள்ளி சனி எண்டு இல்லை, பின்னேரத்துக்குள்ள ஒரு லீற்றர் தந்தால் காணும்" என்று வேறு போத்தில் எடுத்துத் தந்தா. நைத்திரேற்று என்பது உரத்திலிருந்தும் மலகூடக் குழியிலிருந்தும் வந்து தண்ணியில் கரைகிற ஒரு உப்பு. அவ கேட்டிராவிட்டால், கிருமி இல்லை என்று ஒரு தாளை வாங்கிக்கொண்டு நான் விமானம் ஏறியிருப்பேன். இவ்வளவு காலம் கனடாவில் இலவசமாகப் பார்த்ததும் கிருமி மட்டுந்தான். நைத்திரேற்றுக்கு அங்கேயும் தனியாகக் காசு கட்ட வேணும்.

உரும்பிராய் இருக்கிற வலிகாமத்துச் செம்மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல். கல் முழுக்க வெடிப்பும் பொந்தும். மேலே ஊற்றுவது வடிபடாமல் கிணற்றுக்குப் போகும். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் போட்ட யூரியாவும், மலகூடக் குழியில் ஊறுவதும் அப்படியே இறங்கும். 1980களிலேயே ஆராய்ந்தவர்கள் இதை எழுதிவிட்டார்கள். நாங்கள் துலாவில் அள்ளிக் குடித்த காலத்தில் ஒழுங்கைக்கு இரண்டு மூன்று பங்குக் கிணறுகள்தான். இப்போது காணியைத் துண்டு துண்டாய்ப் பிரித்து, துண்டுக்கு ஒரு கிணறும் ஒரு குழியும். அந்தக் குளிர்ந்த தண்ணியின் ருசி இன்னும் அப்படியே இருக்கிறது, அதுதான் எனக்குப் பெரிய வேதனை. சுன்னாகத்தில் மின்நிலையக் கழிவெண்ணெய் கிணறுகளில் கலந்து, வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், 2019இல் 2 கோடி ரூபாய் நட்டஈடு கட்டச் சொல்லித் தீர்ப்பு வந்தது எல்லாருக்கும் தெரியும். அன்று தொடக்கம் எங்கள் சனம் வாளியில் எண்ணெய்ப் படலம் தெரிகிறதா என்றுதான் பார்க்கும். நைத்திரேற்றுக்கு நிறமுமில்லை மணமுமில்லை.

முடிவு வந்தது. உலக சுகாதார நிறுவனம் லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று என்று எல்லை வைத்திருக்கிறது. எங்கள் கிணறு அதற்கு மேலே. திங்கட்கிழமை கொடுத்த மற்றப் போத்திலில், மலத்திலிருந்து வருகிற ஈ கோலை என்ற கிருமியும் இருந்தது. தாள் முழுக்க ஆங்கிலம். கிணற்றடியிலேயே சீவித்த அக்காவுக்கு அதில் ஒரு வரியும் விளங்கவில்லை. "பரம்பரையாக் குடிச்ச தண்ணியடா தம்பி. பிள்ளைக்கு நல்லாக் கொதிக்க வச்சுத்தானே கரைக்கிறம்" என்றா. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. தண்ணி வற்ற வற்ற அது இன்னும் செறியும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு அது இரத்தம் ஒட்சிசன் காவுவதைத் தடுத்து, உடம்பு நீலம் பாய்கிற நிலைக்குக் கொண்டுபோகும். இதை அந்தத் தாளில் தமிழில் நாலு வரி அச்சடித்துத் தர என்ன செலவு வரும்? இதைவிட முக்கியமான கடதாசி அந்த வீட்டுக்கு வேறென்ன வரப்போகிறது?

கிணற்றுக்குக் குளோரின் போட்டாயிற்று. அது கிருமிக்கு மட்டும். குழந்தையின் பாலுக்கு, பரிசோதனை அறிக்கையைக் காட்டின கடையொன்றிலிருந்து ஆர்.ஓ. முறையில் உப்பு நீக்கின தண்ணி எடுக்கிறார்கள். முதலில் கேட்ட கடைக்காரர் அறிக்கை எதற்கு என்று திருப்பிக் கேட்டார், அங்கே வாங்கவில்லை. தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்குகிற நிலையத்தை 2024இல் திறந்துவிட்டார்கள், எங்கள் ஒழுங்கைக்குக் குழாய் இன்னும் வரவில்லை.

ஊருக்குப் போகிறவர்கள் திங்கள், செவ்வாயில் கொடுக்கப் பாருங்கோ. நாளையும் நேரத்தையும் முதலே போன் எடுத்துக் கேளுங்கோ. வீட்டில் கைக்குழந்தையோ கர்ப்பிணியோ இருந்தால், ஆய்வுகூடத்தில் கேட்காவிட்டாலும் நைத்திரேற்று என்று நீங்களே படிவத்தில் எழுதிக் கொடுங்கோ. மழையோடு தோட்டத்து உரம் கீழே இறங்குவதால் மாரி முடிய இன்னொருதரம் பார்க்க வேணும். அக்கா தை மாதத்தில் கொண்டுபோவதாகச் சொல்லியிருக்கிறா, பக்கத்து வீட்டுக்காரரும் தங்கள் கிணற்றுத் தண்ணியைக் கொடுத்துவிடப் போகிறார்கள்.