இலவச சட்ட உதவி: வக்கீல் கிடைத்தார், ஜாமீன்தாரர் கிடைக்கவில்லை

இலவச வக்கீல் என்றால் பெயருக்கு வந்து நிற்பார் என்றுதான் எங்கள் தெருவில் எல்லோரும் சொன்னார்கள். அந்தப் பேச்சைக் கேட்டுத் தயங்கி நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

என் தம்பி சென்டரிங் வேலை செய்கிறான். ஆர்.சி. புத்தகம் இல்லாத பழைய பைக் ஒன்றை வாங்கினான். அது திருட்டு வண்டி. கைது செய்து, மாஜிஸ்திரேட் முன் நிறுத்தி, ரிமாண்ட் செய்துவிட்டார்கள். ஜாமீன் மனுவுக்கு மட்டும் ஒரு வக்கீல் கேட்ட தொகை அவனுடைய இரண்டு மாதக் கூலி. அதனால் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போனேன். வருமானச் சான்று கேட்பார்கள் என்று பயந்தேன், கேட்கவில்லை. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பே கிடையாது. பெண்களுக்கும் அப்படித்தான்.

முன்பு பட்டியலில் உள்ள வக்கீல்களுக்கு வழக்குக்கு இவ்வளவு என்று கொடுத்து வந்தார்கள். 2022இல் வந்த திட்டத்தின்படி, குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக வாதாடவே முழுநேர வக்கீல்களை நியமிக்கிறார்கள். அவர்கள் வேறு வழக்கு எடுக்கக் கூடாது. எங்களுக்கு வந்தவர் இளம் பெண். வழக்குக் கட்டு முழுவதையும் படித்திருந்தார். தம்பியைச் சிறையில் பார்த்துப் பேசி, வண்டிக்குப் பணம் அனுப்பிய ஜிபே விவரத்தைக் கேட்டு வாங்கி மனுவோடு சேர்த்தார். நீதிமன்றத்தில் தடுமாற்றமில்லாமல் பேசினார். ஜாமீன் கிடைத்தது.

ஆனால் தம்பி வெளியே வரவில்லை. தலா பத்தாயிரம் ரூபாய்க்கு இரண்டு ஜாமீன்தாரர்கள் வேண்டும் என்பது உத்தரவு. வாடகை வீட்டில் இருக்கும் எங்களிடம் வீட்டு வரி ரசீது எங்கே இருக்கும்? கையெழுத்துப் போட வந்த அத்தை மகனை வேறு மாவட்டத்துக்காரர் என்று ஏற்கவில்லை. இதே காரணம் சொல்லித்தான், மோதி ராம் என்ற கொத்தனாருக்கு ஜாமீன் நிற்க வந்த அவருடைய சகோதரரையும் ஒரு நீதிமன்றம் மறுத்தது; 1978இல் உச்ச நீதிமன்றம் அதைக் கண்டித்து, ஆயிரம் ரூபாய் சொந்தப் பிணையில் மோதி ராமை விடச் சொன்னது. இதை எனக்குச் சொன்னவர் அந்த வக்கீல்தான்.

"நியாயம் எங்கே தவறுகிறது, மேடம்?" என்று கேட்டேன். "தீர்ப்பில் மட்டும் பார்க்காதீர்கள் அம்மா. அதற்கு வெகு முன்பே தவறிவிடுகிறது" என்றார். காவல் நிலையத்தில் என்ன எழுதி வாங்கினார்கள் என்பது பெரும்பாலும் ரிமாண்டுக்குப் பிறகுதான் தன் கைக்கு வருகிறதாம். அவர் சொன்னவற்றில் என்னை உலுக்கியது வேறொன்று. சிறிய வழக்குகளில், செய்யாத குற்றத்தைக்கூடச் சிலர் ஒப்புக்கொள்கிறார்கள். ஜாமீன்தாரர் இல்லாமல் உள்ளே கிடப்பதைவிட, இருந்த நாட்களையே தண்டனையாகக் கழித்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம் என்ற கணக்கு. அப்படி ஒருவர் கேட்கும்போது வேண்டாம் என்று சொல்லத் தனக்கு வாய் வருவதில்லை என்றார். 2022 முடிவில் நம் நாட்டுச் சிறைகளில் இருந்தவர்களில் நான்கில் மூன்று பங்கினர் விசாரணைக் கைதிகள்.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஒரு வக்கீலுக்கு இத்தனை கட்டுகளைக் கொடுத்தால் அவர் எப்படித் தொலைபேசியை எடுப்பார்? பல மாலைகள் பதிலே வராமல் தவித்தேன். ஜாமீன் கிடைத்து ஏழு நாளில் ஒருவர் வெளியே வராவிட்டால், சிறை கண்காணிப்பாளர் ஆணைக்குழுச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவு. எங்கள் விஷயத்தில் அந்தத் தகவல் வரவே இல்லை. வக்கீலே கவனித்து நிபந்தனையைத் தளர்த்த மனுப் போட்ட பிறகுதான், ஒரே ஜாமீன்தாரருடன் தம்பி வந்தான்.

வக்கீலுக்கு ஐந்து நட்சத்திரம். அவரைச் சுற்றியுள்ள ஏற்பாட்டுக்கு இரண்டுதான் தருவேன். உங்களுக்குத் தேவைப்பட்டால் 15100 என்ற எண்ணை அழையுங்கள். குற்ற எண், காவல் நிலையத்தின் பெயர், எந்தச் சிறை என்ற மூன்றையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஜாமீன்தாரரை மனுப் போட்ட அன்றே தேடத் தொடங்குங்கள். நீதிமன்ற வாசலில் காசுக்குக் கையெழுத்துப் போடுகிறேன் என்று வருபவர்களிடம் மட்டும் போகாதீர்கள்.