ஸ்ட்ரெஸ் காட்டும் வாட்ச்: நெடுநாள் கட்டியவள் சொல்வது

தீபாவளித் தள்ளுபடியில் விலை இறங்கியதும், எங்கள் வங்கிக் கிளையில் வேலை செய்யும் தங்கை ஒருத்தி கேட்டாள்: "அக்கா, நீங்க கட்டியிருக்கிற வாட்ச்சை வாங்கலாமா? ஸ்ட்ரெஸ் எல்லாம் காட்டுமாமே." டீ குடிக்கும் நேரத்தில் சொல்லி முடிக்கிற பதில் என்னிடம் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

பேட்டரி எத்தனை நாள் நிற்கும், தண்ணீர் புகுமா என்பதையெல்லாம் கடைக்காரரே சொல்லிவிடுவார். பட்டையை மாற்றியிருக்கிறேன். சார்ஜ் ஏறும் முனைகளில் வியர்வை உப்பு படிந்து மக்கர் செய்தபோது சர்வீஸுக்குக் கொடுத்து வாங்கியிருக்கிறேன். அதிலெல்லாம் எனக்குக் குறை இல்லை. என் கோபம் முழுக்க ஒரே ஒரு எண்ணின் மேல்தான். ஸ்ட்ரெஸ் ஸ்கோர்.

அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால்தான் என் கோபம் புரியும். வாட்ச்சின் அடியில் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கிறது. இரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்புக்கும் மணிக்கட்டில் இரத்தம் கூடும்போது திரும்பி வரும் ஒளி குறைகிறது. அதை வைத்து வாட்ச் துடிப்பை எண்ணுகிறது. நிமிடத்துக்கு 60 துடிப்பு என்றால் சரியாக வினாடிக்கு ஒன்று என்று இதயம் அடிப்பதில்லை. ஒரு இடைவெளி 0.94 வினாடி இருக்கும், அடுத்தது 1.05 இருக்கும். உடல் ஓய்வாக இருக்கும்போது இந்த ஏற்ற இறக்கம் பொதுவாக அதிகம், பரபரப்பில் குறைவு. அந்த வித்தியாசத்தைத்தான் 0 முதல் 100 வரை ஓர் எண்ணாக்கி, கீழே இருந்தால் நீலம், ஏறினால் ஆரஞ்சு என்று காட்டுகிறது.

ஆக, அது பார்ப்பது உடம்பை. காய்ச்சல் வந்தாலும் ஏறும். வயிறு முட்ட பிரியாணி சாப்பிட்டாலும் ஏறும். மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் காரணமே இல்லாமல் ஏறும். மகளின் அரங்கேற்றத்தன்று முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன், அன்று மாலை முழுவதும் ஆரஞ்சு. என் வாழ்க்கையில் அதைவிடச் சந்தோஷமான மாலை ஒன்றைச் சொல்லச் சொன்னால் யோசிக்க வேண்டியிருக்கும்.

சரி, இது வாட்ச்சின் தவறு மட்டும் இல்லை. ஹான்ஸ் செல்யே என்ற ஆய்வாளர் 1936-ல் எலிகளைக் குளிரில் வைத்தும், ஓயாமல் ஓட வைத்தும், மருந்து கொடுத்தும் பார்த்தார். காரணம் எதுவானாலும் உடல் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் பதில் சொன்னது. இன்று நாம் ஸ்ட்ரெஸ் என்று பேசுவதெல்லாம் அங்கிருந்து கிளம்பியதுதான். நல்ல ஸ்ட்ரெஸ், கெட்ட ஸ்ட்ரெஸ் என்று பிற்பாடு பிரித்துச் சொன்னவரும் அவரே. என் வாட்ச் அந்த முதல் பாதியோடு நின்றுவிட்டது.

இதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது வேறு. அப்பா போன பிறகு, பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவுக்காரர்கள் எல்லோரும் கிளம்பிப் போனார்கள். அன்று மதியம் அவருடைய நாற்காலி எதிரே சுவரோரமாக உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அழவில்லை, நினைக்கவில்லை, எழுந்திருக்கவும் தோன்றவில்லை. இரவு சார்ஜ் போடும்போது பார்த்தால், அந்த மதியம் முழுவதும் நீலம். 'நல்ல ஓய்வு எடுத்திருக்கிறீர்கள்' என்ற பாராட்டு வேறு. அன்றைக்கு அதைக் கழற்றி அலமாரியில் போட்டவள், வெகுநாள் வெளியே எடுக்கவில்லை. இன்று நினைத்தாலும் எனக்கு ஆறவில்லை.

இன்னொரு எரிச்சல் வேலையிடத்தில். நவம்பர் மாதம் ஓய்வூதியக்காரர்கள் ஆயுள் சான்றிதழ் கொடுக்க வருவார்கள். கைரேகை தேய்ந்துபோன பெரியவர்களுக்கு இயந்திரம் நாலு தடவை மறுக்கும். வரிசை வாசல் வரை நிற்கும். கவுன்டரில் இருக்க வேண்டிய ஆட்களில் பாதிப் பேர்தான் இருப்போம். அந்த நேரம் பார்த்து மணிக்கட்டு அதிரும்: 'கொஞ்சம் மூச்சுப் பயிற்சி செய்யலாமா?' காலியாகக் கிடக்கும் இடத்துக்கு ஆள் போட்டால் அந்த ஆரஞ்சு தானாக இறங்கும். அதைச் செய்ய வேண்டியவர் கையில் இந்த வாட்ச் இல்லை. என் கையில் இருப்பதால், குறைத்துக்கொள்ள வேண்டிய பொறுப்பும் என்னுடையது என்று அது எடுத்துக்கொள்கிறது. மன அழுத்தம் பற்றிப் பேசுகிற பல பேர் இப்படித்தான் பேசுகிறார்கள், வலிக்கிறவளையே வைத்தியமும் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள்.

மூச்சுப் பயிற்சி நல்லதுதான், அதைக் குறை சொல்ல மாட்டேன். நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற கணக்கில், இழுப்பதைவிட விடுவதை நீளமாக வைத்தால், மூளையிலிருந்து இதயத்துக்குப் போகும் வேகஸ் நரம்பின் வழியாகத் துடிப்பு தணியும். எனக்குத் தூக்கம் வராத இரவுகளில் உதவியிருக்கிறது. ஆனால் அதற்குச் சுவர்க் கடிகாரமே போதும்.

இப்போது நல்லதைச் சொல்கிறேன். அது நான் எதிர்பார்க்காத இடத்திலிருந்து வந்தது.

என் வீட்டுக்காரரும் நானும் அடிக்கடி சண்டை போடுவது ஒரே விஷயத்துக்குத்தான்: அவருடைய அண்ணனுக்குக் கொடுத்த கடன். தொடங்கினால் பழைய கணக்கு எல்லாம் வெளியே வரும். ஒரு தடவை நடுவில் எதேச்சையாக மணிக்கட்டைப் பார்த்தேன். உட்கார்ந்த இடத்தில் துடிப்பு 112. ஸ்ட்ரெஸ் ஸ்கோரைச் சொல்லவில்லை, வெறும் இதயத் துடிப்பைச் சொல்கிறேன். ஓய்வில் எனக்கு எழுபதைத் தாண்டாது.

சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜான் காட்மன் தம்பதிகளைப் பல வருடம் ஆராய்ந்தவர். சண்டையின்போது துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டினால், எதிரில் இருப்பவர் சொல்வது காதிலேயே ஏறாது என்கிறார். ஒரு ஆய்வில், வாக்குவாதத்தின் நடுவே கருவியைச் சரி செய்ய வேண்டும் என்று சொல்லி, தம்பதிகளைப் பேசாமல் பத்திரிகை படிக்க வைத்தார்கள். மறுபடி பேச ஆரம்பித்தபோது துடிப்பு இறங்கியிருந்தது, பேச்சும் தணிந்திருந்தது. கோபத்தில் சுரந்த அட்ரினலின் அடங்க குறைந்தது 20 நிமிடமாவது பிடிக்கும் என்பது அவர் சொல்லும் கணக்கு.

இதை வீட்டில் சட்டமாக்கினோம். நூறைத் தாண்டினால் நிறுத்த வேண்டும். "இப்ப வேண்டாங்க, நூறு தாண்டிடுச்சு. துணி எடுத்துட்டு வந்து பேசறேன்" என்று சொல்லிவிட்டு மொட்டை மாடிக்குப் போவேன். அவர் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போவார். திரும்பி வந்து பேசுவேன் என்று வாய்விட்டுச் சொல்லியே ஆக வேண்டும், அதுதான் இதில் முக்கியம். சொல்லாமல் போனால் அது முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதாகிவிடும். எங்கள் வீட்டில் அப்படி மூன்று நாள் பேசாமல் இருந்த காலமும் உண்டு. அப்புறம், மாடியில் நின்று அடுத்து என்ன சொல்லி மடக்கலாம் என்று யோசித்தால் துடிப்பு இறங்கவே இறங்காது. அதையும் வாட்ச் காட்டிக்கொடுத்துவிடும்.

ஏன் பலித்தது என்றால், "உங்களுக்குக் கோபம் வருது" என்று நான் சொன்னால் அது குற்றச்சாட்டு. "எனக்கு 112" என்றால் அதில் யார் மேலும் பழி இல்லை. கடன் இன்னும் திரும்பி வரவில்லை. அதைப் பற்றி இப்போது உட்கார்ந்து பேச முடிகிறது. போன மாதம் அவரே அண்ணனுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, என்னையும் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசினார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அது முதல் தடவை. இந்த ஒன்றுக்காகவே நான் கொடுத்த முழு விலையும் தகும். அலமாரியிலிருந்து எடுத்ததை இன்னும் கட்டியிருப்பது இதற்காகத்தான். இனிமேல் கழற்றவும் மாட்டேன்.

இருந்தும், என்னைக் கேட்ட அந்தத் தங்கையிடம், "வாட்ச் வாங்க வேண்டாம்" என்றுதான் சொன்னேன். பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம்.

அவள் எதற்காகக் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும். மாதக்கணக்கில் சரியான தூக்கம் இல்லை. கவுன்டரில் இருக்கும்போதே கண் கலங்குகிறது, எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வருகிறாள். அந்த நிலையில் இருக்கிறவள் கையில் எண்ணைக் கட்டினால், கவலைப்பட இன்னொன்று கிடைக்கும், அவ்வளவுதான். தூக்கத்தை அளக்கும் கருவி காட்டும் கணக்கைப் பார்த்துப் பார்த்தே தூக்கத்தைப் பற்றிக் கவலைப்பட்டவர்களைப் பற்றி அமெரிக்க ஆய்வாளர்கள் 2017-லேயே எழுதியிருக்கிறார்கள். ஸ்ட்ரெஸ் ஸ்கோரை நிறுத்திவிட்டு வெறும் துடிப்பை மட்டும் பார்க்கலாமே என்றால், என் வாட்ச்சில் முகப்பிலிருந்துதான் எடுக்க முடிகிறது, உள்ளே அது கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறது. இராத்திரி இரண்டு மணிக்கு விழித்திருக்கிறவள் அதைத் தேடிப் பார்க்காமல் இருப்பாளா?

அவளுக்கு 14416 என்ற எண்ணைக் கொடுத்திருக்கிறேன். டெலி மானஸ் என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய மனநல உதவி எண். எந்நேரமும் கூப்பிடலாம், காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். முதலில் போனில் பேசட்டும். நேரில் பார்க்க வேண்டும் என்று அவர்கள் சொன்னால் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போகலாம். தனியாகப் போகத் தயங்கினால் அரை நாள் லீவு போட்டு நானும் கூட வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். வியாழக்கிழமை என்றால் எனக்கு வசதி.